வேலிக்கு இந்தப் பக்கம்

இங்கே பேர்மிங்ஹாமில் வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்தாலே சந்தேகம் வருகிறது. எதிர்வீட்டு மார்கரெட் எங்கள் வாசலில் கிடந்த சோடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, எத்தனை பேர் இங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். மகன் தனியே போய்விட்டான், நானும் கணவரும் மட்டும்தான் என்றேன். சிரித்தாள்; நம்பவில்லை. இலங்கையில் என் ஊரான கண்டக்குழியிலும் ஒரு வாசலில் கிடக்கும் செருப்புகளை ஊர் இப்படித்தான் பார்க்கிறது, ஆண் செருப்பு ஒன்று அகப்படாதா என்று. என் மூத்த சகோதரி ராத்தாவும் அவளைப் போல் தனித்துப்போன வேறு இரண்டு பெண்களும் குடியிருக்கும் வாசல் அது.

எங்களில் வீடு பெண்ணோடு போகும். ராத்தாவுக்கென்று வாப்பா கட்டிய வீடு, அவளுக்குக் கலியாணம் அமையாததால், நடுத்தங்கைக்குச் சீதனமானது. அன்றிலிருந்து அந்தக் குசினி அடுப்படியில் அவள் விருந்தாளி. தங்கையின் கணவரான மச்சான் முதலில் அவளுடைய அலுமாரியை நகர்த்தினார், பிறகு கட்டிலை. கரையோரத்தில் என் பங்குக்கு வந்த தென்னங்காணி சும்மா கிடந்தது. காற்று மட்டும் யாரிடமும் கேட்காமல் வந்துபோகும் காணி. அங்கே அறைகள் கட்டி நீங்கள் மூவரும் இருங்கள் என்று போனில் சொன்னேன். சந்தோசப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"எப்ப விப்பாய்?" என்றாள் ராத்தா.

"என்ன கதை ராத்தா இது?"

"சுத்திவர லொட்ஜ் வருது புள்ள. நல்ல விலைக்கு ஒருத்தன் வந்தா எங்கள எங்க கொண்டுபோய்க் கொட்டுவாய்? உன்ட வாக்கு சரி. உன்ட மாப்புளட வாக்கு? மகன்ட வாக்கு?"

வக்பு செய்யச் சொன்னாள். அல்லாஹ்வுக்கென்று விட்ட நிலத்தை யாரும் விற்கவும் முடியாது, சீதனமாகக் கொடுக்கவும் முடியாது. பள்ளிவாசல் நிர்வாகத்திடம் ஒப்படைக்கலாமே என்றேன்.

"ஒப்படைச்சா, அறையளுக்குள்ள பள்ளித் தலைவர்ட தேங்காய்தான் குடியிருக்கும்."

அப்படித்தான் காணியைப் பொறுப்பேற்க அவர்களுடைய சங்கம் பிறந்தது: என் மீதும் பள்ளி மீதும் மச்சான்மார் மீதும் மூன்று பெண்கள் கொண்ட சந்தேகத்தில். அழுதேன், பிறகு காணியைச் சங்கத்தின் பொறுப்பில் வக்பாக எழுதிக் கொடுத்தேன். வேறு வீடுள்ள எவரும் அங்கே இராத்தங்கக் கூடாது என்பது அவர்களுடைய முதல் சட்டம். அது எனக்கில்லை என்றே நினைத்திருந்தேன்.

போன விடுமுறையில் பெட்டியோடு போய் இறங்கினேன். சோறு தந்தார்கள், சிரித்தார்கள். அந்தியில் மஃரிபு தொழுது முடிந்ததும் ராத்தா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"ராத்தா, இது என்ட காணி."

"அதுக்குத்தான் புள்ள பயந்தன். கோவிக்காத. இண்டைக்கு உனக்குத் திறந்தா நாளைக்கு மச்சானுக்கும் திறக்கோணும்."

பக்கத்து லொட்ஜில் அறை எடுத்தேன். பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வந்த வெள்ளைக்காரர் நடுவே, எந்த நாடு மேடம் என்று முகாமையாளர் ஆங்கிலத்தில் கேட்டார். பதில் சொல்லுமுன் வெளியே ராத்தா கூப்பிடும் குரல். கம்பி வேலிக்கு மேலால் இடியப்பக் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் என் தென்னைகள். இந்தப் பக்கம் நின்று, கையால் பிசைந்து சாப்பிட்டேன். நான் முடிக்கும்வரை அவள் வேலிக் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.