கால் வலிக்காத கதாநாயகி

நான் எழுதிய ஒரே நாவலின் ஒரு பிரதியில் மட்டும், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருக்கிறது. திறந்தால் இன்னும் லேசாகக் கவுச்சி அடிக்கும். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அக்கா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த பிரதி அது.

அக்கா முன்பு தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் இருந்தாள். நேர் எதிரே பில் கவுண்டரில் நான். காலையில் வந்து நின்றால் கடை அடைக்கும்வரை விற்பனைப் பெண்கள் நிற்க வேண்டும். அந்த மாடியிலேயே ஸ்டூல் எனக்கு மட்டும்தான். ஆணும் பெண்ணும் சரக்கைத் தவிர வேறு பேசக்கூடாது என்பது கடையின் சட்டம். குடோனிலிருந்து புடவைக் கட்டு தூக்கிவரும் அண்ணனுக்கும் அக்காவுக்கும் பிரியம் இருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் பேசி நாங்கள் பார்த்ததில்லை. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஒருநாள் அக்காவின் கணுக்கால் வீங்கிப்போயிருந்தது. அந்த அண்ணன் தைலக் குப்பி ஒன்றைப் புடவைக் கட்டின்மேல் வைத்து நீட்டினார். அக்கா எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது.

தூரத்திலிருந்து பார்த்த மேற்பார்வையாளர், கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று குதித்தார். “தைலம்தான் சார் வாங்குனேன், கையெல்லாம் புடிக்கல” என்று அக்கா சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் பக்கம் திரும்பினார். “எதிர்லயே உக்காந்திருக்கியே, நீ சொல்லு. புடிச்சானா இல்லையா?” அக்காவும் என்னைத்தான் பார்த்தாள். நான் பில் மெஷினைப் பார்த்தேன். “கவனிக்கல சார்” என்றேன். அன்று மதியமே அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அண்ணனை வேறு கிளைக்கு மாற்றினார்கள். அவரும் வாய் திறக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து இதைத்தான் நாவலாக எழுதினேன். குடோன் அண்ணனை முதலாளி மகனாக்கினேன். கடை முழுக்கப் பார்த்திருக்க அவன் நாயகியின் கையைப் பிடித்து, “இவள் என்னவள்” என்கிறான். அக்கா அதைப் படித்தால் அழுதுவிடுவாள் என்று நம்பினேன். என் கெட்டிக்காரத்தனத்தின்மேல் எனக்கு அப்படியொரு நம்பிக்கை.

புத்தகத்தைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் போனபோது அக்கா தன் அம்மாவின் பழைய மீன் கடையில், பலகைமேல் உட்கார்ந்து வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னாமே கத எய்திகீற? பொய்து முச்சூடும் நிக்கிறாளுங்க, ஒருத்திக்குக்கூட கால் நோவலியே!”

நான் சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை.

“அது என் கைய புடிக்கவே இல்ல. அந்த சூப்பர்வைசரு அன்னிக்கு சொன்ன பொய்ய நீயும் அப்டியே எய்தி வெச்சிகீற.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுதும்போது ஒருதடவைகூட அது எனக்கு உறைக்கவில்லை. அக்கா விடவில்லை.

“பில்லு போட்ற பொண்ணு எங்கமே? காணோமே கதைல?”

“அது சின்னப் பாத்திரம்க்கா. கதைக்குத் தேவைப்படல.”

அடுத்த துண்டை வெட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“அன்னிக்கு எனுக்குத் தேவப்பட்டுச்சு.”

கோபமாகச் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை நீட்டினாள். காசு வாங்காமல் கொஞ்சம் மீனும் கட்டிக் கொடுத்தாள். அந்த மீனைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

போன வாரம் தி.நகரில் ஒரு கல்யாணப் புடவை எடுக்கப் போனேன். கடையில் உட்கார இடம் தர வேண்டும் என்று இப்போது சட்டமே வந்துவிட்டது. ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதறி எழுந்தாள். “உட்காரும்மா, பரவாயில்லை” என்றேன். உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பிரதியை எடுத்தேன். செதில் அப்படியே இருந்தது. நாயகன் கையைப் பிடிக்கும் வரிகளை அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதினேன்: ‘பார்த்தேன் சார். கையைப் பிடிக்கவில்லை. தைலம்தான் கொடுத்தார்.’ யாருமில்லாத அறையில் அதை எழுதவே பயமாக இருந்தது. அன்றைக்கும் இப்படிப் பயந்துகொண்டாவது சொல்லியிருக்கலாம்.