வெறுஞ்சட்டி

ஒரு முழுப் பலாப்பழத்தை ஒரே வீட்டில் வைத்துத் தின்று தீர்த்தவர்களை நான் பார்த்ததில்லை. அதுவும் நானும் அவரும் மட்டும் இருக்கிற வீட்டில் அது நடக்கிற காரியமா? எங்கள் புது வீட்டுக்குப் பின்னால், எல்லைக் கம்பியை ஒட்டி ஒரு பலாமரம் நிற்கிறது. வீடுகள் கட்டும்போது வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். மரம் எங்கள் காணியில், பாதிக் கிளை அடுத்த வீட்டுக் காணியில். நாங்கள் குடிவந்த முதல் வருஷமே அடிமரத்திலிருந்து காய்த்துத் தள்ளிவிட்டது. அத்தனையும் கூழன். அறுத்தால் சுளை கையில் நிற்காது, வழுக்கிக்கொண்டு ஓடும்.

நாங்கள் விரும்பிக் குடிவந்தவர்கள் இல்லை. பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருந்தது. விடாமல் மழை பெய்த ஒரு கிழமை முழுக்க கோயில் மண்டபத்தில் படுத்துக் கிடந்தோம். பிறகு எழுதி எழுதிக் கேட்டு, இங்கே வீடு கொடுத்தார்கள். தனி வீடு, தனிக் கக்கூஸ், சுற்றி ஏழு பேர்ச் காணி. லயத்துக் கூரை ஒழுகுவதை எண்ணி நான் ஒருநாளும் அழவில்லை. ஆனால் எனக்குப் பேச ஆள் வேண்டும். முப்பது வருஷம் தோட்டத்துப் புள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போன தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் நான். வாய் மூடி இருந்து பழக்கமில்லை. அதட்டியும் பழக்கம்.

அடுத்த வீட்டில் ஒரு புருஷனும் மனைவியும். மலை சரிந்து இறங்கின தோட்டத்துக்காரர்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, மண் வந்து லயங்களை மூடி. தப்பினவர்களுக்குத்தான் இந்த வீடுகளை முதலில் கொடுத்தார்கள், எங்களைப் போல வெடிப்புக்குப் பயந்து வந்தவர்களை மிச்ச வீடுகளில் போட்டார்கள். அந்த அம்மாளுக்கு ஒரே மகள் இருந்ததும் மண்ணில் போனதும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. இங்கே அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை, நானும் கேட்கவில்லை.

என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். மெலிந்த உடம்பு. காலையில் பெரட்டில் பெயர் கொடுத்துக் கொழுந்தெடுக்கப் போய், மாலையில் வந்து, கதவைச் சாத்திக்கொள்வாள். நெற்றியில் பொட்டு இருக்காது. கோயில் திருவிழாவுக்கு ஊரே போனபோது இவள் மட்டும் ரோட்டு ஓரத்தில் தூரமாக நின்றாள். கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டார்கள் போல என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். என் புத்தி அப்படி, எதையும் கேட்காமலே தெரிந்துகொண்டுவிடும்.

முதல் பழம் அறுத்த அன்று கூழனைப் பிசைந்து நாரெடுத்து, கித்துள் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டினேன். வறுத்த அரிசி மா கொஞ்சம், ஏலக்காய் ஒன்று, கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு. அந்த உப்பு இல்லாவிட்டால் வெறும் தித்திப்பு, இரண்டு வாய்க்கு மேல் போகாது. ஒரு சில்வர் சட்டி நிறைய எடுத்துக்கொண்டு போய்க் கம்பிக்கு மேலே நீட்டினேன்.

"அக்கா, பலாப்பழம் கிண்டினேன். எடுத்துக்கங்க."

இரண்டு கையாலும் வாங்கினாள். மறுநாள் சட்டி திரும்பி வந்தது. சாம்பல் போட்டு விளக்கி, முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று. உள்ளே ஒன்றுமில்லை.

லயத்தில் நாங்கள் எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம். பக்கத்துக் காம்பராவிலிருந்து வந்த சட்டி வெறுமையாகத் திரும்பாது. கறி இருந்தால் கறி, இல்லாவிட்டால் ஒரு பிடி சீனி, அதுவும் இல்லாவிட்டால் நாலு கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டாவது கொடுப்போம். சண்டை போட்டுப் பேச்சு நின்ற வீட்டுக்கும் அப்படித்தான். எனக்கு அவள் வீட்டுச் சாமான் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த வெறும் சட்டியைப் பார்த்ததும் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

மறந்திருப்பாள் என்று இரண்டாம் முறை பலாக்கொட்டைக் கறி கொடுத்தேன். வெறுஞ்சட்டி. மூன்றாம் முறை பிஞ்சுக்காயை மிளகுத்தூள் போட்டுச் சமைத்துக் கொடுத்தேன். வெறுஞ்சட்டி. நான்காவது முறை வேண்டுமென்றே கொடுத்தேன், என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று. அதே பளபளப்பு, அதே வெறுமை.

"நான் குடுக்கிறது பிச்சையா? வாங்கித் தின்னுட்டுக் கழுவிக் குடுக்குறா பாருங்க" என்று அவரிடம் பொரிந்து தள்ளினேன்.

"அவங்களுக்கு என்ன கஷ்டமோ, விடு" என்றார். அவருக்கு எல்லாமே விடுகிற விஷயம்தான்.

நான் விடவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது பெண்களிடம், "எங்க பக்கத்து வீட்டுல ஒரு பெரிய எடத்து அம்மா இருக்காங்க" என்று ஆரம்பித்து, தலையை ஆட்டிச் சட்டியை நீட்டுவது போல நடித்தும் காட்டினேன். எங்கள் தோட்டத்தாள்கள் சிரித்தார்கள். மலை இறங்கின தோட்டத்து ஒருத்தி மட்டும், "அப்படிப் பேசாதீங்க" என்றாள். தன் ஆளை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டு நான் மேலும் நடித்தேன். இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது.

அடுத்த பருவத்தில் பலாப்பழமும் வந்தது, கொழும்பில் வேலை செய்யும் என் மகளும் லீவில் வந்தாள். இந்த முறை சட்டியை அவள் கையில் கொடுத்தனுப்பினேன். போனவள் அரைமணி நேரமாக வரவில்லை. வந்து, "நல்ல அம்மா. என் கையப் புடிச்சுக்கிட்டு வயசு கேட்டாங்க, சாப்பாடு எல்லாம் அங்க எப்படின்னு கேட்டாங்க" என்றாள். அவள் கையில் அதே சட்டி. வேறு பாத்திரத்தில் மாற்றிக்கொண்டு கையோடு கழுவிக் கொடுத்திருக்கிறாள், வெறுமையாக.

கல்யாணம் ஆகவேண்டிய பெண்ணின் கையில் வெறுஞ்சட்டி. எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. மகள் தடுக்கத் தடுக்கக் கம்பியண்டை போய் நின்று கத்தினேன்.

"ஏங்க்கா, என்னைய மதிக்காட்டி போங்க. கன்னிப் பொண்ணு கையில வெறுஞ்சட்டியக் குடுத்து அனுப்புவீங்களா? ஒரு கறிவேப்பிலைக்குக் கூடவா வழியில்ல ஒங்க வீட்டுல? நீங்களும் ஒரு பொம்பளப் புள்ளையப் பெத்தவங்கதானே?"

அந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லும்போதே தெரிந்தது, வாய் நிற்கவில்லை.

அவள் வாசலுக்கு வந்தாள். கை ஈரத்தைச் சீலையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தப்புத்தான் தங்கச்சி. ஒங்க மக நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் ஜெயித்த மாதிரி வீட்டுக்குள் வந்தேன். மகள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

நாலாம் நாள் காலை அந்த அண்ணன், அவள் புருஷன், எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை வந்ததே இல்லை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் தயாராகத்தான் நின்றேன். அவர் வாசற்படியில் ஏறாமல் கீழேயே நின்றார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை மகளுக்குக் கருமாதி வச்சிருக்கோம், தங்கச்சி. நீங்க எல்லாரும் வரணும்."

எனக்கு விளங்கவில்லை. "இத்தனை வருஷம் கழிச்சா?" என்றேன்.

"இப்பத்தான் அவ சரின்னா. புள்ள ஒடம்பு கெடைக்கல தங்கச்சி. மண்ணுல தோண்டினாங்க, கெடைக்கல. கருமாதிய வச்சு முடிச்சிருவோம்னு நானும் சொல்லாத நாளில்ல. ஒடம்பக் காட்டுங்க, அப்பறம் முடிக்கிறேன்னு சொல்லுவா. எந்த ஆஸ்பத்திரியிலயாவது நெனவு தப்பிக் கெடந்தாலும் கெடப்பான்னு..." அவர் நிறுத்திக்கொண்டார். "முடிக்காத வீடு எழவு வீடுதானே. கோயிலுக்குப் போறதில்ல, பொட்டு வைக்கிறதில்ல. எழவு வீட்டுல இருந்து ஒன்னும் வெளிய போகக் கூடாதுல்ல, அதான் ஒங்க சட்டியில ஒன்னும் போட மாட்டா. போட்டா ஒங்க வீட்டுக்கு ஆகாதுன்னு பயப்படுவா. எங்க ஆளுகளுக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியாதே, நாந்தான் சொல்லியிருக்கணும்."

அந்த வழக்கம் எனக்கும் தெரியும். எங்கள் லயத்திலும் உண்டு. இழவு விழுந்த வீட்டுக்கு நாம் சோறு கொண்டுபோவோம், கருமாதி முடியும்வரை அந்த வீட்டிலிருந்து ஒரு கறிவேப்பிலை கூட வாங்க மாட்டோம், சட்டி வெறுமையாகத்தான் வரும். பொட்டில்லாத நெற்றியையும், கோயிலுக்குத் தூரமாக நின்றதையும், வெறுஞ்சட்டியையும் நான் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறேன். மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற அறிவு இல்லாமல் போய்விட்டது.

அவருக்குப் பின்னாலேயே ஓடினேன். அந்த வீட்டுக்குள் அன்றுதான் முதலில் கால் வைத்தேன். அவள் தரையில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்காக இதைச் செய்யாதீங்க. நான் ஒரு வாயாடி. வெறுஞ்சட்டியே குடுங்க, காலம் பூரா குடுங்க. நான் ஒன்னும் கேக்க மாட்டேன்."

"ஒங்களுக்காக இல்ல தங்கச்சி." புடைப்பதை அவள் நிறுத்தவில்லை. "ஒங்க மக கையப் புடிச்சுப் பாத்தேன். எம்புள்ளைக்கும் அதே வயசுதான் இப்ப. எம்மாம் பெரிய கையி. எம்புள்ள கை எனக்குச் சின்னதாத்தான் ஞாபகம் இருக்கு. அவ எங்கயாவது இருந்தா இம்புட்டு வளந்திருப்பா, வந்து நின்னாலும் எனக்கு அடையாளம் தெரியாது. இனி எதுக்குக் காத்திருக்கிறது?"

நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவள் அழவில்லை. சுளகை ஓரமாக வைத்துவிட்டு, "ஒரு ஒதவி செய்வீங்களா?" என்று கேட்டாள். "ஒங்க மகளோட சுடிதார் ஒன்னு குடுங்க. படையல்ல வைக்கப் புதுசு எடுக்கணும். அளவு தெரியல."

மகள் தன் நல்ல சுடிதாரை எடுத்துக் கொடுத்தாள். அதை வைத்து அளவு பார்த்துப் பண்டாரவளையில் துணி எடுத்துவந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே வந்தது. அண்ணன் பழைய தோட்டத்துக்குப் போய், மண் மூடின இடத்திலிருந்து ஒரு ஷாப்பிங் பையில் மண் எடுத்து வந்திருந்தார். உடம்பில்லாததால் மண்ணில் ஓர் உருவம் பிடித்து வைக்கச் சொன்னார் பூசை செய்ய வந்த பண்டாரம். அவரே பிடிக்கப் போனார். அவள் விடவில்லை. தண்ணீர் தெளித்துப் பிசைந்து தானே பிடித்தாள். தலை, கை, கால். முதுகில் இரண்டு பின்னல். ஒரு சாணுக்கு மேல் இல்லாத அந்த உருவத்துக்குப் பக்கத்தில், வளர்ந்த பெண்ணுக்கான புதுச் சுடிதார் மடித்து வைத்திருந்தது. எனக்கு அதற்கு மேல் பார்க்க முடியவில்லை, பாத்திரம் கழுவுகிற பக்கம் போய்விட்டேன். பிறகு ஓடைக்கு எடுத்துப் போனார்கள். தண்ணீரில் கரைக்கும்போது அவள் கையை எடுக்கவே இல்லையாம். மண் கரைந்து போன பிறகும் கை தண்ணீருக்குள்ளேயே இருந்ததாம். என் வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார்.

மறுநாள் காலை நான் அடுப்படியில் இருந்தபோது கம்பியண்டையில் கூப்பிட்டாள். நெற்றியில் பொட்டு வைத்திருந்தாள். கருமாதிக்கு நான் சோறு கொண்டுபோன சில்வர் சட்டி நிறையச் சக்கரைப் பொங்கல், மேலே முந்திரிகை வற்றல். நான் அதை வாங்கினேன்.

"இங்கனயே ஒரு வாய் சாப்புட்டுப் பாருங்க" என்றாள்.

எடுத்து வாயில் போட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதால் விழுங்கினேன்.

"நல்லா இருக்குதா?"

"நல்லா இருக்குக்கா."

அவள் சிரித்தாள். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னைக் கேலி செய்கிற மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு சொன்னாள்:

"இனிமே எங்க வீட்டுச் சட்டியப் பத்தி ஒருத்தர்கிட்டயும் குறை சொல்லக் கூடாது, சரியா?"