கிணற்றடிக்கு ஒரு செடி

ஜேடர்பாளையம் சாலையோர நாற்றுப்பண்ணையில் நிற்கிறேன். சேலத்தில் எங்கள் கிணற்றடி எப்போதும் ஈரம்தான். அங்கே ஆசையாய் வைத்த ஐரிஸ் என்ற வெளிநாட்டுப் பூச்செடி இரண்டு முறை அழுகிப்போனது. வெட்கமில்லாமல் மூன்றாவதைக் கேட்கிறேன்.

பண்ணைக்கார அம்மா வாய்க்கால் ஓரத்தில் ஊதாப்பூச் செடிகளைப் பிடுங்கி எறிந்துகொண்டிருக்கிறார்.

“அது என்னங்க?”

“நீர்முள்ளிங்க. வெறும் களை. எத்தன புடுங்குனாலும் சாவ மாட்டேங்குது.”

“ஐரிஸ் வேண்டாம். அதில் இரண்டு கொடுங்க.”

“களையவா கேக்கறீங்க?”

“நம் ஊர்ப் பூதானே? ஈரத்தில் நன்றாக வளருமே.”

அவர் கையிலிருந்த செடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பிறகு உள்ளே இருக்கும் கணவரைக் கூப்பிடுகிறார்.

“ஏனுங்க, செடி வெச்சு விக்கற கறுப்புப் பையெல்லாம் எடுத்துட்டு வாங்க. இது நாட்டுப் பூச்செடியாமா!”