குலுக்கையின் உள்விட்டம்

மாலை நாலேகால் மணிக்கு நான் கூப்பிட்டதற்கு என் மகள் பதில் சொல்லவில்லை. சற்று முன்புவரை நெல் அறையில் அவளும் மதினியும் வாயாடிக்கொண்டிருந்தது அடுக்களைவரை கேட்டது. மதினி என் கணவரின் அக்கா. கணவர் ஆலங்குளத்தில் ஆபீசில் இருந்தார்.

மகள் எட்டாம் வகுப்பு. வீட்டிலுள்ள ஓர் உருளையின் கன அளவையும் புறப்பரப்பையும் கண்டுபிடித்து வரச் சொல்லியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் செம்பையோ டப்பாவையோ அளந்திருப்பார்கள். இவள், ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மண் குலுக்கையைத் தேர்ந்தெடுத்தாள். எங்கள் நெல் அத்தனையும் அதற்குள்தான் இருந்தது. வெளியே சுற்றிக் கயிறு போட்டு அளந்தாள்.

“ஏட்டி, இப்படி அளந்தா மண்ணுச் சுவரும் சேந்துல்லா வரும்? உள்ள எம்புட்டுப் பிடிக்கும்னுல்லா கணக்கு!”

“நீங்க எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க அத்தை?”

“வருசா வருசம் நெல்லு கொட்டுதவளுக்குப் பள்ளிக்கூடம் எதுக்குட்டி?”

சிரித்துக்கொண்டே மதினி கொல்லைக்குப் போய்விட்டாள்.

நான் போனபோது அறையில் யாருமில்லை. குலுக்கையோரம் ஸ்டூல் நின்றது; மேல்மூடி திறந்திருந்தது. உள்விட்டம் அளக்க இறங்கியிருக்கிறாள். ஏறி எட்டிப் பார்த்தேன். புளித்த, வெதுவெதுப்பான வாடை முகத்தில் அடித்தது. அந்த வருஷம் குற்றாலச் சாரல் விடவே இல்லை. அவித்த நெல்லை அரைகுறை ஈரத்தோடு கொட்டி மூடியிருந்தோம். கண் பழகியதும் நெல்லின் மேல் அவள் சடையின் வெள்ளை ரிப்பன் தெரிந்தது. அது அசையவில்லை.

என் அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி, உள்ளே காலை விட்ட என்னைப் பிடித்து இழுத்தார். விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினார். பாதி ஆழம்கூடப் போகவில்லை. உள்ளிருந்து யாரோ ஊதியதுபோல் அணைந்தது.

“காத்து கெட்டுக் கெடக்கு. எறங்குனா நீயும் அங்கனதான் கெடப்ப, தாயி.”

அதற்குள் கொல்லையிலிருந்து ஓடிவந்த மதினி, அடியில் நெல் எடுக்கும் துளையின் துணி அடைப்பைப் பிடுங்கிவிட்டாள். “நெல்லு கொட்டுனா பிள்ளை கீழ வந்துருவா!” குலுக்கை என்றாலே எங்கள் வீட்டுப் பெண்களின் கை முதலில் போவது அங்கேதான். நெல் சரசரவென்று கொட்டியது. மறுபடி ஸ்டூலில் ஏறி மேலிருந்து பார்த்தேன். நெல்லின் நடுவே குழி விழுந்தது. ரிப்பன் அந்தக் குழியை நோக்கி மெல்ல நகர்ந்தது. வெளியே எவ்வளவு வந்ததோ, உள்ளே அவ்வளவு இடம் பிறந்தது. அந்த இடத்துக்குள் அவள் போய்க்கொண்டிருந்தாள்.

“அடைங்க மதினி! பிள்ளை புதைஞ்சுருவா!”

மதினி முந்தானையைச் சுருட்டித் துளையில் திணித்தாள். நான் இறங்கிச் சுவரைக் கீழிருந்து மேலாகத் தட்டினேன். மந்தமாகக் கேட்ட சத்தம், மார்பளவுக்கு வந்ததும் வெறும் பானைபோல் ஒலித்தது; நெல் அதுவரைதான்.

“இங்கன இடிங்க அண்ணாச்சி.”

கடப்பாரைக்கு மண் பெயர்ந்தது. ஓட்டையில் அவள் கை தெரிந்தது. இழுத்து எடுத்தபோது நெல்லின் சூடு அவள் உடம்பெல்லாம் ஏறியிருந்தது. அதனால் தொட்டுப் பார்த்தும் உயிர் இருக்கிறதா என்று தெரியவில்லை.

தாழ்வாரத்தில், சாரல் முகத்தில் படும்படி கிடத்தினோம். ஒருமுறை விக்கினாள். பிறகு மூச்சு வந்தது. கண் திறந்து, யாரோ அந்நியப் பெண்ணைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் இன்னும் உதற முடியவில்லை.

அண்ணாச்சி ஆளனுப்பியிருந்த டாக்டர் இருட்டும் நேரத்தில் நனைந்துகொண்டு வந்தார். நாடி பார்த்தார். இமைகளைத் தூக்கிப் பார்த்தார்.

“பிழைச்சுக்கிட்டா. ஆனா இன்னைக்குத் தனியா விடாதீங்க. கெட்ட காத்து மூளையைப் பாதிச்சிருக்கலாம். அடிக்கடி எழுப்பி எதையாவது கேளுங்க. பதில் சொல்லுதது உங்க பிள்ளை மாதிரி இல்லைன்னா, உடனே எனக்கு ஆளனுப்புங்க.”