பெல்ஜியம் இல்லாத சரவிளக்கு

போன மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கல்யாண மண்டபம். மாடிப்படியோரம் பெரிய சரவிளக்கு. எட்டித் தொட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக். கண்ணாடி என்றால் விரலில் சில்லென்று ஏற வேண்டாமா? இந்தக் கிறுக்கு எனக்குத் தொண்ணூறுகளில் பிடித்தது, சொன்னால் சிரிப்பீர்கள்.

அப்போது மாமல்லபுரத்தில் பழம்பொருள் கடை ஒன்றில் விற்பனைப் பெண்ணாக இருந்தேன். செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ். முதலாளி ஏழுமலை அண்ணன் ஒருநாள் ஏதோ பழைய பங்களாவின் சாமான்களை மீன்கூடைகளில் கொண்டுவந்து இறக்கினார். கருவாட்டு வாடைக்கும் வைக்கோலுக்கும் நடுவே, கழற்றிய சரவிளக்கு ஒன்று முழுசாகக் கிடந்தது.

"தொங்கட்டான எல்லாம் கயித்துல கோத்து வித்துரலாம். வெள்ளக்காரிங்க கழுத்துல மாட்டிக்கினு பூடுவாங்க."

எனக்குப் பகீரென்றது. "மாட்டிக் காட்டறேண்ணா, முழுசாவே விக்கலாம்."

"ஓட்டல்காரரு வராரு. அவுரு வாங்கலன்னா பிரிச்சிருவேன்."

வினிகர் போட்டுத் துடைத்து மாட்டினேன். கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒவ்வொரு கண்ணாடிக் கைக்கும் ஒரு எண், அது உட்காரும் குழிக்கும் அதே எண் என்பது பிறகுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. எண் பார்த்து மாட்டியதும் நேராகத் தொங்கியது. பித்தளை வளையத்தில் செய்தவர் பெயரும் பர்மிங்காம் என்ற ஊரும் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருந்தன.

ஓட்டல்காரர் விளக்கைப் பார்த்து அசந்துபோனார். "பெல்ஜியந்தானே?"

நம் பக்கத்தில் பழைய கண்ணாடி எதுவானாலும் பெல்ஜியம்தான். அண்ணன் எனக்குக் கண்ணைக் காட்டினார்.

"இங்கிலாந்து சார். பேரே போட்ருக்கு," என்றேன்.

"பெல்ஜியம் இல்லியா? அப்ப வேணாம்மா." போயே போய்விட்டார்.

"வாய மூடிக்கினு இருந்தா இன்னா?" அண்ணன் ஏணியை இழுத்தார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது, வேலை போய்விடும் என்று. ஆனாலும் விடவில்லை.

"வேற ஆளு வருவாங்கண்ணா. பிரிக்காதீங்க."

மேலே ஒருமுறை பார்த்தார். "பேஜாரு புடிச்ச பொண்ணு. சரி, தொங்கட்டும்."

பிறகு எனக்குக் கல்யாணமாகி வேலையை விட்டேன். இன்று அந்தக் கடை இருந்த இடத்தில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள். அண்ணனும் இல்லை. அவர் கடையை மூடிய வருடம், வெயிலில் பஸ் பிடித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றார். காபி கூட வேண்டாம் என்றார்.

"வித்துட்டேம்மா. முழுசா. இங்கிலாந்துன்னு சொல்லித்தான் வித்தேன்."