மாலைக்கு எடுத்த அளவு

டாக்சி பெட்ரோலுக்காக நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கொண்டையில் மல்லிகை. அவ்வளவுதான். இரண்டு வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறிய மறுகணம் நான் டாக்சியில் இல்லை. எங்கள் தீவில் விமானம் இறங்கும் பாயான் லெப்பாஸ் புல்திடலில், வெயிலில், பதினாறு வயதில் நின்றுகொண்டிருந்தேன். மல்லிகைக்கும் பெட்ரோலுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு, ரஞ்சிதம்.

ரஞ்சிதம் என் வகுப்புத் தோழி. அவளுடைய அப்பாவுக்கு மார்க்கெட் தெருவில் பூக்கடை. பெரிய மாலைகளுக்கு அளவெடுக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். மகளை நிறுத்தி, ஈர வாழைநாரை அவள் தோளில் போட்டு, இரண்டு முனையும் எதுவரை தொங்குகின்றன என்று பார்ப்பார். டாக்டர், கங்காணி, கல்யாண மாப்பிள்ளை, யாருடைய மாலையானாலும் முதலில் நாராக அவள் கழுத்தில் விழுந்ததுதான். பூ மட்டும் அடுத்தவர்களுக்கு.

அந்த வருஷம் அவளுக்கே ஒரு மாலை பேசி முடித்திருந்தார்கள். நாகப்பட்டினத்தில் தாய்மாமன், கப்பல் ஏறவேண்டியதுதான் பாக்கி. அவளோ சிங்கப்பூருக்குப் போய் நர்ஸ் வேலைக்குப் படிக்க ஆசைப்பட்டாள். அதை என்னிடம் மட்டும் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

அப்போதுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. ஒரு வெள்ளைக்காரப் பெண் தன்னந்தனியாக ஆகாய விமானம் ஓட்டிக்கொண்டு சீமையிலிருந்து வருகிறாள், இங்கே இறங்கி பெட்ரோல் போட்டுக்கொண்டு ஆஸ்திரேலியா போகப்போகிறாள் என்று. பெயர் இப்போது நினைவில்லை. அந்த நாளில் அப்படிச் சில பெண்கள் பறந்தார்கள். அவர்களுடைய பத்திரிகைப் படங்களை வெட்டி, என் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் சோற்றுப் பசையால் ஒட்டிவைத்திருந்தேன். நானும் பறப்பேன் என்று சொல்லித் திரிந்த காலம் அது. அக்கரையிலுள்ள பிறை ஊருக்குப் போகும் ஃபெரியிலேயே எனக்குக் குமட்டும் என்பது வேறு விஷயம்.

நம்மவர் சங்கம் ஒன்று அவளை வரவேற்க மாலைக்குச் சொன்னது. கடையில் ரஞ்சிதத்தின் தோளில் நார் விழுந்தபோது நானும் இருந்தேன்.

"வெள்ளக்காரி ஒசரமா இருப்பா. ஒரு சாண் கூட்டிக் கட்டு லா, அண்ணே," என்றார் சங்கத் தலைவர்.

அவள் வரும் நாளில் எல்லோரும் திடலில் கூடினோம். தையல் மிஷினுக்குச் சிறகு முளைத்த மாதிரி ஒரு விமானம் புல்லில் குதித்துக் குதித்து நின்றது. கால்சட்டை போட்ட ஒல்லி உருவம் ஒன்று இறங்கி, முகமெல்லாம் எண்ணெய்க் கரியோடு நேரே பெட்ரோல் பீப்பாயிடம் போய்ப் புனலைப் பிடித்துக்கொண்டது. தலைவர் அந்த உருவத்தைத் தாண்டி நடந்தார். பூப்போட்ட கவுனும் தொப்பியுமாகக் குடை பிடித்து நின்ற துரைசாணியின் கழுத்தில் மாலையைப் போட்டார். ஒரே கைதட்டல்.

"மாமா, அது துரையோட சம்சாரம். ஓட்டிட்டு வந்தவங்க அங்க நிக்கிறாங்க," என்று ரஞ்சிதம் பீப்பாய்ப் பக்கம் கையைக் காட்டினாள்.

"எது, அந்தப் பையனா?"

"ஐயோ, பையன் இல்ல மாமா!"

ஒருவர் கழுத்தில் விழுந்த மாலையைக் கழற்றி இன்னொருவருக்குப் போடும் வழக்கம் நம்மிடம் இல்லை. துரைசாணியோ மாலையை முகர்ந்து முகர்ந்து மகிழ்ந்துகொண்டிருந்தாள். தலைவர் கையைப் பிசைந்தார். ரஞ்சிதம் தன் சடையிலிருந்த மல்லிகைச் சரத்தை உருவினாள்.

"தலையில வெச்ச பூவையாடி குடுப்பே?" என்று நான் இழுத்தேன். அவள் காதில் வாங்கவில்லை.

விமானக்காரிக்குக் கிராப்புத் தலை. பூவைக் கையில் வாங்கி, எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்து, கடைசியில் இறக்கையின் கம்பியில் முடிந்தாள். மல்லிகை பெட்ரோலில் நனைந்து மணந்தது. ரஞ்சிதம் தன் பள்ளிக்கூட இங்கிலீஷைத் திரட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: உங்கள் அப்பா விட்டாரா?

விமானக்காரி சிரித்தாள். முடியாது என்றார், அவருக்கு அலுத்துப்போகும்வரை கேட்டேன் என்றாள்.

மறுநாளிலிருந்து ரஞ்சிதம் தன் அப்பாவிடம் கேட்க ஆரம்பித்தாள். காலையில் பூவைப் பிரித்துப் போடும்போது கேட்பாள்; மத்தியானம் சோறு போடும்போது கேட்பாள். அவர் "போடி அந்தாண்ட" என்பார். நாகப்பட்டினக் கப்பல் ஒன்று போயிற்று. அடுத்ததும் அவள் இல்லாமல்தான் போயிற்று.

இப்போது அந்தப் புல்திடலில் புல் இல்லை. ஓடுபாதையில் பெரிய பெரிய விமானங்கள் இறங்குகின்றன. யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பூக்கடை இருந்த இடத்தில் கைக்கடிகாரம் விற்கிறார்கள். என் டிரங்கு மூடியில் இருந்த முகங்களைப் பசையோடு பூச்சி தின்றுவிட்டது. ரஞ்சிதம் சிங்கப்பூரோடு நிற்கவில்லை. ரங்கூன், கூச்சிங், பிறகு ஏதோ ஒரு தீவின் ஆஸ்பத்திரி. அவள் திரும்பி வந்தபோது ஜப்பான்காரன் வந்து போயிருந்தான். குண்டு விழுந்த நாளில் கடையும் போயிற்று, அவள் அப்பாவும் போய்விட்டார்.

அவள் கிளம்பிய காலை மட்டும் அப்படியே இருக்கிறது. எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் அப்போது டிக்கெட் உண்டு, ரயில் கிடையாது; ஃபெரியில் அக்கரை போய்ப் பிறையில்தான் ஏறவேண்டும். ஃபெரி நிற்கும் ஜெட்டிக்கு அவள் அப்பா வரவில்லை. ஃபெரி சங்கு ஊதிய பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"அப்பா என்னடி சொன்னாரு?"

"போன்னும் சொல்லல, போகாதன்னும் சொல்லல. நாரை எடுத்து என் தோள்ல போட்டாரு. யாருக்குப்பான்னேன். 'நீ படிச்சுட்டு வர்றப்ப போடணும்ல. அதுக்குள்ள எவ்ளோ ஒசரம் வளந்திருப்பியோ, ஒரு சாண் கூட்டிக்கிறேன்'னாருடி."