ஷிஃபா-207ல் மேயும் ஆடு

முகம்மது யூசுப் தன் வீட்டுக் கொல்லையில் கேமரா வைத்திருக்கிறார், பின்னால் இருக்கும் நாகநாதனின் வயலை டிவியில் போட்டு அளக்கிறார், வரப்புத் தகராறில் வழக்குப் போடப் போகிறார் என்று ரேஷன் கடை வரிசையில் கேள்விப்பட்டேன். எனக்கு முன்னால் நின்றவர் சொன்னார். அவருக்கு அவர் முன்னால் நின்றவர். வரிசையின் தலைக்கே போய்க் கேட்டால், "பின்னாடி யாரோ பேசிக்கிட்டாங்க" என்றார்கள். நேரிலேயே பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

வீடு மயிலாடுதுறை சாலையிலிருந்து இரண்டு வாய்க்கால் தள்ளி உள்ளே. மதியம் மூன்று மணிக்குக் கதவு சாத்தியிருந்தது. அதுவரை புரளி சரி. உள்ளே டிவியில் நாகநாதனின் வயல் தெரிந்தது, அதுவும் சரி. ஆனால் வழக்கில் மாட்டவேண்டிய நாகநாதன் அதே அறையில் சோபாவில் சாய்ந்து சமோசா தின்றுகொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். யூசுப் பன்னிரண்டு வருடம் சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். மகள் ஷிஃபா வளர்ந்ததை மனைவி கமருன்னிஸா அனுப்பிய வீடியோக்களில்தான் பார்த்தார். அந்த வீட்டில் சிக்னல் கொல்லைக் கதவருகே மட்டும்தான் கிடைக்கும். அதனால் ஷிஃபா வாழ்க்கையில் நடந்ததெல்லாம் நாகநாதன் வயலுக்கு முன்னால் நடந்தது.

ஊர் திரும்பியவர், கமருன்னிஸாவின் செத்துப்போன ஐந்து போன்களைப் பிரித்தார். ஒன்றுக்குச் சார்ஜர் பின் மாற்றினார். ஒன்றுக்குப் பேட்டரி உப்பியிருக்க, வெளியிலிருந்து வயர் இழுத்து உயிர் கொடுத்தார். பழைய கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, சூடாகாமலிருக்க டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டு, நானூற்றுப் பன்னிரண்டு வீடியோக்களை அதில் ஏற்றினார். இதுவரை மனிதர் மேதை.

அதற்குப் பிறகு கோப்புகளின் பெயர்கள் வெறும் எண்களாக அசிங்கமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. ஒரே அழுத்தில் ஷிஃபா-1 முதல் ஷிஃபா-412 வரை பெயர் வைத்தார். பழைய பெயர்களில்தான் தேதி இருந்தது என்பது போன்களைச் சுத்தமாக அழித்த பிறகு உறைத்தது. இப்போது எந்த வீடியோவைக் கேட்டாலும் கம்ப்யூட்டர் போன மார்ச் மூன்றாம் தேதி என்கிறது. பன்னிரண்டு வருடமும் ஒரே மத்தியானத்தில் நடந்திருக்கிறது.

ஷிஃபாவின் நிக்காஹுக்கு மூன்று வாரம் இருந்தது. அவள் வளர்ந்த கதையை வரிசையாகப் படமாக்கி மண்டபத்தில் போடுவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கமருன்னிஸாவைத் தேதி கேட்டார்.

"நீங்க இல்லாத நாளெல்லாம் எனக்கு ஒரே நாள்தாங்க. கம்ப்யூட்டர் சரியாத்தான் சொல்லுது."

கடைசியில் கைகொடுத்தது நாகநாதன். அவர் ஷிஃபாவைப் பார்க்கவே மாட்டார். அவளுக்குப் பின்னால் பார்ப்பார்.

"உளுந்து பூத்திருக்கு. மாசி கடைசி. வரப்புல தென்னை நிக்குது பாருங்க, அப்ப புயலுக்கு முந்தி. அடுத்தது போடுங்க பாய்."

"இது?"

"நாத்து பழுத்துக் கெடக்கு. ஆத்துல தண்ணி வர லேட்டான வருசம். அந்த வயித்தெரிச்சல் மறக்குமா? எழுதிக்குங்க."

யூசுப் எழுதிக்கொண்டார். முந்நூற்று எண்பத்தொன்று வரை எழுதிவிட்டார். நான் போன அன்றுதான் வேலை நின்றது.

காரணம் ஷிஃபா-207. அதில் ஷிஃபா ஸ்கிப்பிங் ஆடுகிறாள். பின்னால் நாகநாதனின் சம்பாப் பயிரில் மூன்று ஆடுகள் நிதானமாக மேய்கின்றன. ஒன்றுக்கு ஒற்றைக் கொம்பு. ஒற்றைக் கொம்பு ஆடு ஊரில் ஒருவரிடம்தான் இருந்தது: நாகநாதனின் மச்சான் இளஞ்செழியன். "என் ஆடு உங்க வயலை மிதிச்சதே இல்லை" என்று அவர் சத்தியம் செய்து எட்டு வருடமாகிறது. நாகநாதனின் மனைவி வள்ளியம்மை எட்டு வருடமாகத் தம்பி பக்கம்.

பார்த்ததுமே நாகநாதன், "எனக்குக் கூலி வேணாம். இதை மட்டும் ஏத்திக் குடுங்க" என்று கேட்டிருந்தார். யூசுபும் தலையாட்டியிருந்தார். நான் போன அன்று நாகநாதன் புது பென் டிரைவோடு வந்திருந்தார்.

"காப்பி பண்ணா தேதி மாறிடும்ணே" என்றார் யூசுப்.

"தேதி இல்லாமத்தானே பாய் என்னை இங்க உக்கார வச்சிருக்கீங்க."

"கல்யாணம் முடியட்டும்ணே."

"அப்ப மிச்சத்துக்கும் கல்யாணம் முடிஞ்சே தேதி சொல்றேன்." சமோசாத் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோனார்.

யூசுப் தலையில் கைவைத்துக்கொண்டார். உண்மைக் காரணத்தைக் கமருன்னிஸா சொன்னார். "வள்ளியம்மைக்கா வந்துட்டுப் போனாங்க. அந்த ஆடு வெளிய வந்துச்சுன்னா நிக்காஹுக்கு வரமாட்டாங்களாம். ஷிஃபா பொறக்கறப்ப ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிட்டுப் போனவங்க அவங்க. நான் என்ன சொல்றது?"

மிச்சம் முப்பத்தொன்றை யூசுப் தன் ஊகத்தில் அடுக்கினார்.

நிக்காஹ் அன்று மண்டபத்தில் படம் ஓடியது. ஷிஃபாவுக்கு முன்பல் விழுந்தது, முளைத்தது, மறுபடி விழுந்தது. விருந்தாளிகள் கவனிக்கவில்லை. ஷிஃபா மட்டும் குனிந்து, "அத்தா, எனக்கு ஒரே பல்லு ரெண்டு தடவை விழுந்துருக்கு" என்றாள். யூசுப் கூரையில் ஓடிய ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

207-ம் வந்தது. யூசுப் அதை இழுத்துப் பெரிதாக்கியிருந்தார். திரை முழுக்க ஷிஃபாவின் முகம் மேலும் கீழும் போய்வந்தது. வயல் இல்லை, ஆடு இல்லை, ஸ்கிப்பிங் கயிறுகூட இல்லை. இளஞ்செழியன் பிரியாணியை விட்டுக் கைதட்டினார்.

நாகநாதன் கை கழுவுமிடத்தில் யூசுபைப் பிடித்தார். "பாய், இப்பக் கல்யாணம் முடிஞ்சிருச்சு."

"மறுவீடு முடியட்டும்ணே."

மறுவீடு முடிந்து நாலு மாதமாகிறது. நேற்று நாகநாதனைக் கடைத்தெருவில் பார்த்தேன். பென் டிரைவ் சட்டைப்பையில்தான் இருந்தது. இன்னும் உறை பிரிக்கவில்லை.